ரிகோ இருந்த இடத்திலிருந்து

மனாகுவாவில் ஒரு வீட்டுக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அங்கே இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதாம் மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு. எஸ்மெரால்டா தியேட்டர் இருந்த இடத்திலிருந்து மேலே ஒரு தெரு. மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள், தியேட்டர் பெரிய நிலநடுக்கத்தில் போய்விட்டது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? தபால்காரரிலிருந்து காதலன் வரை வரவேண்டியவர்கள் எல்லாரும் சரியாக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை நட்டு, கதவுக்குக் கதவு எண் அடித்து வாழும் ஊர்க்காரர்களை நினைத்தால் மனாகுவாக்காரர்களுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டவர் இன்ஜினியர் பல்தோதானோ. தண்ணீர் கம்பெனிக்குப் புதிதாக வந்த இயக்குநர். வெளிநாட்டில் படித்தவர். அங்கே குடியிருந்த வீட்டின் கதவு எண்ணை இன்னமும் பழைய காதலியின் பெயரைச் சொல்வது மாதிரி சொல்வார். அவர் வந்த நேரம், புதுக் குழாய் போகும் பகுதிகளில் வீட்டு இணைப்பு வேண்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பிப்பதற்கு ஒரு வலைப்பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. அதை எழுதிக்கொண்டிருந்தவள் யாஹோஸ்கா. கம்பெனியில் இரண்டு புரோகிராமர்கள் உண்டு. அவர்களில் வேலை செய்கிறவள் இவள்.

முகவரிக் கட்டத்தில் யார் எதை அடித்தாலும் அது முதலில் ஒரு வடிகட்டியைத் தாண்ட வேண்டும். ரெஜெக்ஸ் என்பார்கள். ஒரே ஒரு வரிதான். அடைப்புக்குறியும் புள்ளியும் நட்சத்திரமுமாக, கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்த வரி சொல்கிற வடிவத்தில் முகவரி இருந்தால் கட்டம் பச்சையாகும், இல்லாவிட்டால் சிவப்பாகும். யாஹோஸ்கா அதை மனாகுவாவுக்கென்றே எழுதியிருந்தாள். முதலில் ஓர் அடையாளம், பிறகு எத்தனை தெரு, பிறகு ஏரிப் பக்கமா, தெற்கேயா, மேலேயா, கீழேயா. மேலே என்றால் சூரியன் வருகிற பக்கம், கீழே என்றால் அது விழுகிற பக்கம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும் என்பதால் அதை அவள் எங்கும் விளக்கவில்லை. இன்ஜினியருக்கு அதுவே முதல் தலைவலி. இரண்டாவது தலைவலி பெரிது.

"இதென்னது, 'எஸ்மெரால்டா தியேட்டர் இருந்த இடத்திலிருந்து'? தியேட்டர் எங்க?"

"இப்ப இல்ல, இன்ஜினியர்."

"இல்லாத தியேட்டர்லேர்ந்து எப்படி எண்ணுவாங்க?"

"அது இருந்த இடத்துலேர்ந்து எண்ணுவாங்க."

"இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு?"

"புல்லு."

"அப்ப புல்லுலேர்ந்துன்னு எழுதச் சொல்லுங்க!"

"புல்லு ஊரு பூரா இருக்கே, இன்ஜினியர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய முடிவு எடுக்கும்போது அப்படிச் செய்வார். "இல்லாத எதுவும் என் கம்ப்யூட்டருக்குள்ள வரக் கூடாது. 'இருந்த'ன்னு யாராவது அடிச்சா உடனே சிவப்பு. பழைய பில்லுல இருக்கிற அடையாளங்கள மட்டும் எடுத்துக்கோங்க. அது நெஜமாவே இருக்கான்னு நேர்ல பாக்க ஒரு இன்ஸ்பெக்டர் போவார். சொல்லாம கொள்ளாம போவார். மறுபடியும் மறுபடியும் போவார்."

யாஹோஸ்கா வேலையில் இருக்கிறவள் செய்வதைச் செய்தாள். அடைப்புக்குறிக்குள் 'இருந்த' என்று எழுதி, அதற்கு முன்னால் தடைக்குறியைப் போட்டாள். போட்டுவிட்டு, சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு முகவரியையே அடித்தாள். ரிகோ இருந்த இடத்திலிருந்து மேலே ஒரு தெரு. சிவப்பு.

ரிகோ என்கிற ரிகோபெர்த்தோ அவளுடைய அப்பா. பேட்டை முனையில் பங்க்சர் கடை வைத்திருந்தார். யாஹோஸ்கா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், லாட்டரிச் சீட்டு விற்க வந்த ஒருத்தியோடு பக்கத்து நாடான கோஸ்டா ரிக்காவுக்குப் போய்விட்டார். கடையும் போயிற்று, தகரமும் போயிற்று. முனையில் எருக்கு மாதிரி ஏதோ ஒரு செடி மண்டியது. ஆனால் பேட்டைக்கு அடையாளம் அதுதான். யாரைக் கேட்டாலும் 'ரிகோ இருந்த இடத்திலிருந்து' என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பத்தில் அவள் அம்மா நூபியாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றிருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் காஸ் சிலிண்டர் ரசீதிலும் ஓடிப்போன புருஷன் பெயர் வந்தால் யாருக்குத்தான் இருக்காது? வருஷம் ஆக ஆக அதே சொல் அவளுக்கு இதமாகிவிட்டது. ஆள் இருந்தான், இப்போது இல்லை என்று ஊரே தினமும் ஒருமுறை உறுதி செய்துகொடுப்பதாக எடுத்துக்கொண்டாள்.

வலைப்பக்கம் திறந்த மறுநாளே மனாகுவா முழுக்கச் சிவந்துபோனது. வேறு ஊராக இருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். இவர்கள் அப்படியில்லை, கம்பெனிக்கு வேண்டியது இருக்கிற பொருள்தானே, இருக்க வைத்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். பாதாம் மரம் இருந்த இடத்தில் ஓர் இரவில் பாதாம் மரம் வந்தது. எங்கிருந்து பிடுங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சோப்புத் தொழிற்சாலை இருந்த இடத்துக்காரர்கள் அண்டாவில் எண்ணெயும் சாம்பலும் கொதிக்கவைத்து, இன்ஸ்பெக்டர் வந்ததும் நாலு கட்டியைச் சுடச்சுட அவர் கையில் வைத்தார்கள். 'தொழிற்சாலை இருக்கிறது, நுரை சுமார்' என்று அவர் எழுதிக்கொண்டு போனார். தண்ணீர் கம்பெனியின் சொந்த அலுவலகமே எஸ்மெரால்டா தியேட்டர் இருந்த இடத்திலிருந்து தெற்கே மூன்று தெருவில்தான் இருந்தது. இன்ஜினியர் அசரவில்லை. புல்லின் மேல் ஒட்டுப்பலகையில் தியேட்டர் முகப்பு ஒன்றை எழுப்பி, டிக்கெட் ஜன்னலில் ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்தார். படம் எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களிடம் அந்த ஆள் "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

யாஹோஸ்காவின் பேட்டைக்குப் பழைய பில்லில் இருந்த அடையாளம் ஒன்றே ஒன்று: ரிகோவின் பங்க்சர் கடை. தண்ணீர் லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்று வாளியும் கையுமாக வாழ்ந்த சனம் அது. இந்தக் குழாயை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. முடிவெட்டும் பிலெமோன் செடியைப் பிடுங்கிவிட்டு, ஒரு பழைய டயரை நிறுத்தி, 'ரிகோவின் பங்க்சர் கடை' என்று பலகை எழுதிக் கீழே தானே உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கடை இருக்கு. ரிகோ எங்க?"

"நாந்தான் ரிகோ."

"அடையாள அட்டை?"

பிலெமோன் டயரைப் பார்த்தார். டயர் ஒன்றும் சொல்லவில்லை. 'ரிகோ இல்லை' என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் அடுப்பில் இறைச்சி வாட்டி விற்கிற தொமாசாவின் கடை முன்னால் பேட்டை கூடியது. வறுத்த வாழைக்காயைத் தின்றுகொண்டே பேசியதில், ரிகோவையே கூட்டிவந்துவிடுவது என்று முடிவானது. தொமாசாவின் மச்சினன் கோஸ்டா ரிக்காவில் கொத்து வேலை பார்த்தான். அவன் தேடிப்பிடித்த செய்தி இது: ரிகோ ஒரு வண்டி நிறுத்தத்தில் காவல் காக்கிறார், லாட்டரிக்காரி அவரையும் விட்டுவிட்டு எப்போதோ போய்விட்டாள், பேட்டைக்கு அவர் தேவைப்படுகிறார் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூபியாவிடம் யாரும் கேட்கவில்லை. இது பொதுக்காரியம் என்று நினைத்தார்களாம்.

ரிகோ வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, 'ரிகோ இருக்கிறது' என்று எழுதினார். அன்று மத்தியானமே பேட்டை வரிசையாகப் பச்சையானது. ரிகோவிலிருந்து மேலே ஒரு தெரு, ரிகோவிலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு.

ஆனால் இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவாரே! அதனால் ரிகோ அசையக் கூடாது. அவருக்குக் காலையில் வாழை இலையில் கட்டி அவித்த நாகத்தமால் வந்தது, மத்தியானம் சோறும் பீன்ஸும், வெயில் ஏறினால் சோளமாவு கரைத்த குளிர்ந்த பினோலியோ. அவர் ஒதுங்கப் போனால் பிலெமோன் நாற்காலியில் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிகோவுக்கு ஜலதோஷம் பிடித்தபோது இருநூறு வீடுகள் நடுங்கின. வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதையை அவர் பார்த்ததில்லை.

யாஹோஸ்கா மோட்டார் சைக்கிளில் அந்த முனையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் அங்கேயே டயர் காற்றிறங்கியது.

"எறங்கு மகளே, ரெண்டு நிமிஷம்" என்றார் ரிகோ. நிமிஷம் கூடத்தான் ஆயிற்று. ஆனால் டியூபை வெளியே எடுத்து, எச்சில் தொட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு அவர் தட்டிய விதம் அவளுக்கு நினைவிருந்தது. சின்ன வயதில் அந்த ஒட்டுத்துண்டுகளை வைத்து விளையாடியிருக்கிறாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் வரிய எழுதினது நீதானாமே? பேட்ட பூரா சொல்லுது. ஒன்னாலதான் நான் ஊர் வந்து சேந்தேன்."

"நான் ஒங்களுக்காக எழுதல."

"தெரியும் தெரியும். இருந்தாலும் நீ எழுதினதுதான?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததற்காகத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மரியாதை ருசித்தால் ஆள் சும்மா இருப்பாரா? ரிகோ முதலில் தலையணை கேட்டார், கிடைத்தது. தகரக் கூரை கேட்டார், கிடைத்தது. பிறகு ஒருநாள், மழை பிடித்துக்கொண்டால் தன்னால் இப்படி வெளியில் படுக்க முடியாது, அடையாளத்துக்கும் வீடு வாசல் வேண்டாமா, தனக்குத்தான் மேலே ஒரு தெருவில் வீடு இருக்கிறதே என்றார்.

மறுநாள் பேட்டை நூபியாவின் வாசலுக்கு வந்தது. தொமாசா முன்னால் நின்றாள், பிலெமோன் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். நூபியா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தொமாசா மரியாதையாகத் தோன்யா போட்டு ஆரம்பித்தாள்.

"தோன்யா நூபியா, கோவிச்சுக்காதீங்க. குழாய் இந்த மாசம் வருது. அந்த மனுஷன் திரும்பிப் போயிட்டார்னா எல்லாருக்கும் சிவப்பு. உள்ள ஒரு கட்டில் போட்டுக் குடுத்தா போதும்."

"அதாவது, ஒங்களுக்குக் குழாய் வேணும்னா நான் புருஷன் வெச்சுக்கணும்?"

"அப்படி இல்ல, தோன்யா..."

"வேற எப்படி? போன மாசம் வரைக்கும் அந்த ஆளு இருந்த இடம்னு சொல்லிட்டிருந்தீங்க. நானும் நிம்மதியா துணி தெச்சிட்டிருந்தேன். இப்ப அவன் எங்க இருக்கணும்னு ஒங்க தண்ணி முடிவு பண்ணுதா?"

"தண்ணி ஒங்களுக்கும்தானே வருது?" என்றார் பிலெமோன்.

நூபியா மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு வளைந்து வாளி தூக்குகிறவள்தானே அவளும்? மிஷினை மிதித்தாள். ஊசி துணி இல்லாமல் ஓடியது. வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரை யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏண்டி, நீ என்னவோ எழுதறேன் எழுதறேன்னு சொல்லுவியே, இதத்தான் எழுதினியா?"

திட்டியிருந்தால் யாஹோஸ்கா தாங்கியிருப்பாள். அம்மா திட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவமானத்தில் யாஹோஸ்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் நேரே இன்ஜினியரின் அறைக்குப் போனாள். அந்தத் தடையை எடுத்துவிட வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டார். வேறு வழியில்லாமல் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்கு அல்ல, கண் கலங்கியிருந்தது.

"அப்பா திரும்பி வந்துட்டாரா? பாத்தீங்களா யாஹோஸ்கா, ஒரு சின்ன விதி! ஒரு குடும்பத்தையே சேத்து வெச்சிருச்சு. இத நான் ஆண்டறிக்கைல போடப்போறேன்."

"அம்மாவுக்கு அவர் வேண்டாம், இன்ஜினியர்."

"பழகிடுவாங்க. தியேட்டர் குமாஸ்தாவே பழகிட்டான்."

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒட்டுப்பலகைத் தியேட்டரின் பின்பக்கம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முட்டுக்கொடுத்த கட்டைகளும் அவற்றில் கட்டியிருந்த ஓர் ஆடும். அந்த வரியைத் திறந்தாள். 'இருந்த' என்பதற்கு முன்னால் தான் போட்ட தடைக்குறியை அழித்தாள். அடைப்புக்குறி முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியைத் தட்டினாள். ரெஜெக்ஸில் கேள்விக்குறி யாரையும் கேள்வி கேட்பதில்லை. தனக்கு முன்னால் உள்ளது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று விட்டுவிடுகிற பெருந்தன்மைக்காரக் குறி அது. பழைய பில் அடையாளங்களின் பட்டியலையும் அவிழ்த்துவிட்டாள், இனி எந்த அடையாளமும் செல்லும். 'ரிகோ இருந்த இடத்திலிருந்து மேலே ஒரு தெரு' என்று அடித்தாள். பச்சை. வேலை போனால் போகட்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு தானும் சாப்பிடப் போனாள்.

வேலை போகவில்லை. மனாகுவா திமுதிமுவென்று பச்சையாகியது. இன்ஜினியர் முகவரியைப் படிக்கிறவர் இல்லை, பச்சையை எண்ணுகிறவர். "விதின்னு ஒண்ணு வெச்சா மக்கள் தானா திருந்திடுவாங்க, நான் சொல்லலை?" என்று அறை அறையாகப் போய்ச் சொன்னார். பாதாம் மரத்தை அது வந்த இடத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்வி. சோப்புக் காய்ச்சினவர்கள் மட்டும் நல்ல விற்பனை என்று தொடர்ந்தார்கள்.

இனி நாற்காலியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விண்ணப்பம் செல்லும் என்று யாஹோஸ்கா பேட்டையில் சொன்னாள். ஆனாலும் யாரும் ரிகோவைப் போகச் சொல்லவில்லை. விதி மறுபடி மாறினால்? ஒரு ரிகோ கையில் இருப்பது நல்லதுதானே என்றாள் தொமாசா. ரிகோவும் அதையேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் முனையில் நின்றுகொண்டிருந்தபோது நூபியா கீழே இறங்கி வந்தாள். யாஹோஸ்கா பின்னாலேயே வந்தாள். அம்மா அந்த முனைக்கு வந்து அவள் பார்த்ததே இல்லை. எங்கே போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். ரிகோ நாற்காலியிலிருந்து எழுந்தார். ஊருக்கு வந்த பிறகு ஒருத்தர் முன்னால் மரியாதைக்கு அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"நூபியா, இனிமே கட்டாயம் இல்லன்னு பாப்பா சொல்லிட்டா. கட்டாயம் இல்லாமலே கேக்கறேன்." குரல் இறங்கியது. இந்த முறை அதில் நடிப்பு இல்லை. "எனக்கு அங்க யாரும் இல்ல. நான் எங்க போவேன், சொல்லு?"

நூபியா அவரை நன்றாகப் பார்த்தாள். நரைத்த தலையை, தையல் விட்டிருந்த சட்டைப் பையை, எல்லாவற்றையும். அவள் முகம் ஒரு கணம் இளகியதை யாஹோஸ்கா பார்த்தாள். பாவம் என்று இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். பாவத்துக்காக ஓர் ஆளை வீட்டுக்குள் விட அவள் தயாராக இல்லை.

"இங்கேருந்து ரெண்டு தெரு கீழ போ," என்றாள். "தொமாசாவோட அடுப்பு வரும். அங்க திரும்பி ஏரிப் பக்கம் மூணு தெரு. கோஸ்டா ரிக்கா பஸ்ஸு அங்க நிக்கும். எல்லாம் இருக்கிற இடம், ரிகோ. தொலஞ்சு போகமாட்ட."

ஜனம் விலகி வழி விட்டது. தொமாசாகூட. நூபியா திரும்பி மேலே நடந்தாள், அவசரப்படாமல்.

ரிகோ ஒட்டுத்துண்டுகள் இருந்த டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாற்காலியை மடக்கிப் பிலெமோனிடம் கொடுத்தார். மகளைப் பார்த்து எதையோ சொல்ல வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கீழே நடந்தார். இரண்டாவது தெருவில், அடுப்புப் புகைக்குப் பக்கத்தில், நின்று திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து வழி மறந்துபோயிருக்கலாம். யாராவது கூப்பிடுவார்கள் என்றும் நின்றிருக்கலாம்.

யாஹோஸ்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகாதீங்கப்பா என்று கத்தினால் அவர் வந்துவிடுவார், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையைத் தூக்கி, அவருக்குத் தெரியும்படி நன்றாக நீட்டி, ஏரிப் பக்கம் காட்டினாள்.